வணக்கம் யாருக்கு?
தொடக்ககாலச் சீன நிழற்படங்களில் மரியாதை மரபுகள்

வணக்கம் என்பது இருவர் சேர்ந்து நிறைவு செய்யும் ஒரு செயல். ஒருவர் கைகுவிக்கிறார், மற்றவர் அதைக் கண்டு தாமும் கைகுவிக்கிறார். முதல் கை உயர்ந்த பின்பு மறு கை உயரவில்லையெனில், அங்கே நிகழ்ந்தது வணக்கமன்று, அவமதிப்பு. எல்லா நாட்டு மக்களும் இதை அறிவர். நிழற்படக் கருவியோ கைகுவிக்கத் தெரியாத ஒரு விருந்தாளி. அது வருகிறது, பார்க்கிறது, எடுத்துக்கொண்டு போகிறது. தன் முன் நிற்பவர் செலுத்தும் மரியாதைக்கு அதனிடம் மறுமொழி இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த விருந்தாளி சீன நாட்டின் வாயிலுக்கு வந்தது. மரியாதை முறைகளை அரசாட்சியின் அடிப்படையாகவே கருதி, அவற்றைக் கண்காணிக்கத் தனி அமைச்சகமே வைத்திருந்த நாடு அது. அங்கே எடுக்கப்பட்ட தொடக்ககால உருவப்படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன. நூல்களிலும் நாட்காட்டிகளிலும் அவை மறுபதிப்புப் பெறுகின்றன. ‘பழைய சீனரின் பழக்கவழக்கம்’ என்று நாம் அவற்றை எளிதாக நம்பிவிடுகிறோம். அப்படி நம்புவது எவ்வளவு தூரம் சரி? அப்படங்களில் மெய்யாகவே யார் யாரை வணங்குகிறார்கள்? இவ்வினாவோடு அவற்றுள் சிலவற்றை நாம் அணுகிப் பார்ப்போம்.

முறைகளும் அவற்றின் பொருளும்

முதலில் மரபைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காலச் சீனர் ஒருவரையொருவர் சந்திக்கையில் கையைப் பற்றிக் குலுக்கியதில்லை. தம் கைகளையே ஒன்றோடொன்று சேர்த்து மார்புக்கு நேரே உயர்த்தி மெல்ல அசைப்பர். இதைக் கொங்ஷோ என்பர். ஆண்கள் வலக்கையை முட்டியாக மடக்கி, அதன் மேல் இடக்கையைப் போர்த்துவர். பெண்களுக்கு இது மாறிவரும். துக்க வீட்டிலும் கைகள் இடம் மாறும். ஆகவே எந்தக் கை மேலே இருக்கிறது என்பது சிறு செய்தியன்று. மங்கலமா, அமங்கலமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஹான் இனப் பெண்கள் இரு கைகளையும் இடுப்பின் ஓரமாகச் சேர்த்து, முழங்கால்களைச் சற்றே மடித்து வணங்குவர். அதற்கு வான்ஃபு என்று பெயர். ‘பதினாயிரம் நலன்கள்’ என்பது அதன் பொருள். அரச குலத்தவராகிய மஞ்சு இனத்து ஆண்கள் ஒரு காலை முன்வைத்து, மறு முழங்காலை மடித்து, வலக்கையைக் கீழே தொங்கவிட்டுத் தாழ்வர். எல்லாவற்றிற்கும் மேலானது கௌதௌ. ‘தலையால் தரையைத் தட்டுதல்’ என்பதே அச்சொல்லின் பொருள். பேரரசர் முன்பு மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றி நிலத்தில் படத் தாழ வேண்டும். அதே தாழ்ச்சியைப் பிள்ளைகள் பெற்றோருக்கும், குடும்பத்தார் முன்னோரின் பெயர்ப் பலகைக்கும் செலுத்தினர்.

1793இல் பிரிட்டிஷ் அரசின் தூதராக வந்த மக்கார்ட்னி பிரபு இந்தக் கௌதௌ வணக்கத்தைச் செய்ய மறுத்ததும், 1816இல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு மறுத்துப் பேரரசரைக் காணாமலே திரும்பியதும் வரலாற்றில் புகழ்பெற்றவை. ஒரு நாடு மற்றொரு நாட்டைச் சமமாக ஏற்கிறதா என்னும் பெரிய வழக்கு, முழங்கால் மடிகிறதா இல்லையா என்னும் சிறிய வினாவில் வந்து நின்றது. நிழற்படக் கருவி சீனாவுக்குள் நுழைந்தபோது இவ்வழக்கு முடிந்திருக்கவில்லை.

கண்ணாடியில் மாறிய கை

1839இல் பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தாகேர் முறைப் படம் ஐந்தே ஆண்டுகளில் சீனக் கரையை எட்டிவிட்டது. 1844இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு வந்த சுங்க அதிகாரி ஜூல் இத்தியே, மக்காவிலும் காண்டன் நகரிலும் படங்கள் எடுத்தார். பேரரசரின் சார்பில் உடன்படிக்கைகளைப் பேசி முடித்த உயர் அதிகாரி சியிங்கின் உருவத்தையும் அவர் வெள்ளித் தகட்டில் பதித்தார்.

தாகேர் முறையில் ஒரு தொல்லை உண்டு. தகட்டில் பதியும் உருவம் நிலைக்கண்ணாடியில் காண்பது போல் இடவலம் மாறியிருக்கும். உருவத்தைத் திருப்பித் தரும் தனிக் கண்ணாடி பொருத்தினாலன்றி இது சரியாகாது. ஐரோப்பியருக்கு இது பெரிதாகத் தோன்றாது. சீன மரபிலோ விளைவு வேறு. மங்கல வணக்கமாகக் குவித்த கை, தகட்டில் துக்க வணக்கமாக மாறிவிடும். வலப்புறம் முடிந்த மேலங்கி இடப்புறம் முடிந்ததாகத் தெரியும். இடப்புறம் முடிவது நாகரிகமற்றோரின் உடை என்றும், இறந்தவருக்கு உடுத்தும் முறை என்றும் பண்டைச் சீனர் கருதினர். ஒருவரைப் போற்றி எடுத்த படமே அவரை இறந்தவராகவும் அயலாராகவும் காட்டிவிடக் கூடும். கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணின் இலக்கணம் அதற்குத் தெரியாது.

மற்றொரு தடை காலம். தாகேர் தகட்டிற்கும், 1851இல் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரக் கண்ணாடித் தகட்டிற்கும் ஒளிபடப் பல நொடிகள் தேவைப்பட்டன. அதுவரை அமர்ந்தவர் அசையக் கூடாது. தலை ஆடாதிருக்கப் பின்னாலிருந்து இரும்புக் கவ்வியொன்றைப் பொருத்துவதும் உண்டு. வணக்கமோ அசைவு. குவித்த கை ஏறி இறங்க வேண்டும். முதுகு வளைந்து நிமிர வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். அசையாவிட்டால் அது வணக்கமாகாது. ஆகவே அக்காலப் படங்களில் கைகுவித்து நிற்போர் எவரும் மெய்யாக வணங்கிக்கொண்டிருந்தவர் அல்லர் என்று துணிந்து கூறலாம். ‘அப்படியே நில்லுங்கள்’ என்று யாரோ சொன்னதால் நின்றவர்கள் அவர்கள்.

மறுவணக்கம் பெறாத இளவரசர்

1860ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், பிரிட்டிஷ் படைத்தலைமையின் ஆணைப்படி பெய்ஜிங் நகருக்கு வெளியே இருந்த பழைய கோடை அரண்மனை எரியூட்டப்பட்டது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று நகருக்குள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பேரரசர் வடக்கே சென்றுவிட்டிருந்தார். அவருடைய தம்பி இளவரசர் கோங் 27 வயதில் அந்தச் சுமையை ஏற்றார். கையெழுத்திட்ட இடம் எது தெரியுமா? மரியாதை முறைகளையும் சடங்குகளையும் கண்காணித்த அமைச்சகத்தின் மண்டபம்!

அன்று நடந்ததைப் பிரிட்டிஷ் படைத்தளபதி ஹோப் கிராண்ட் எழுதி வைத்திருக்கிறார். இளவரசர் முன்னே வந்து தம் நாட்டு முறைப்படி வணங்கினார். எல்ஜின் பிரபு இறுமாப்போடு நோக்கி, தலையை இலேசாக அசைத்ததோடு நிறுத்திக்கொண்டார். அதைக் கண்ட இளவரசரின் இரத்தம் உறைந்திருக்கும் என்று வென்ற பக்கத்துத் தளபதியே இரங்குகிறார். இதற்கிடையில், படையோடு வந்திருந்த நிழற்படக் கலைஞர் ஃபெலிசே பியாட்டோ வாயிலருகே தம் பெரிய கருவியை நிறுத்தி, அதன் கண்ணை இளவரசரை நோக்கித் திருப்பினார். அது தம் தலையைச் சிதறடிக்க வந்த ஏதோ ஒரு ஆயுதம் என்று அஞ்சி இளவரசர் வெளிறிப் போனாராம். ஆபத்தில்லை என்று விளக்கிய பின்பே அவர் தேறினார். போதிய வெளிச்சமின்மையால் அந்தப் படம் விழவில்லை.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சிரிப்போர் உண்டு. கருவியைக் கண்டு நடுங்கிய கீழ்நாட்டவர் என்று. நாம் அப்படிச் சிரிக்க முடியவில்லை. எரிந்த அரண்மனையின் சாம்பல் ஆறாத வேளையில், தாம் செலுத்திய வணக்கம் திரும்பி வராத நிலையில், உலோகக் குழல் பொருத்திய ஒரு பெட்டி தம்மை நோக்கித் திரும்பினால் யார்தான் அதை ஆயுதமென்று கருதமாட்டார்? அவருடைய அச்சத்தில் அறியாமை மட்டும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 2 அன்று பியாட்டோ மீண்டும் முயன்று வெற்றி பெற்றார். அப்படம் இன்று பலரும் அறிந்தது. இளவரசர் அமர்ந்திருக்கிறார். உடல் கருவிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. முகத்தில் சோர்வு தெரிகிறது. கைகுவித்தல் இல்லை, தலை தாழ்த்தல் இல்லை. ‘சீன வணக்கம்’ எதுவுமே இல்லாத படம்தான். ஆயினும் அக்காலத்து மரியாதை பற்றிய படங்களுள் மிக உண்மையானது இதுவே என்பது நம் கருத்து. வணக்கம் மறுக்கப்பட்ட ஒரு மனிதரின் முகம் அதில் இருக்கிறது.

கடைச்சரக்கான மரியாதை

இதற்கு நேர்மாறான படங்களும் அதே காலத்தில் பெருகின. ஹாங்காங், காண்டன், ஷாங்காய் ஆகிய துறைமுகங்களில் படக்கூடங்கள் தோன்றின. கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டார் ஊருக்குக் கொண்டுபோக நினைவுப் பொருள் கேட்டனர். அவர்களுக்காக ‘சீன வாழ்வின் காட்சிகள்’ படக்கூடத்திலேயே அமைக்கப்பட்டன. ஷாங்காயில் வில்லியம் சாண்டர்ஸ் இத்தகைய காட்சிகளை ஆள்களை வைத்து அமைத்து, வண்ணம் தீட்டி, தொகுதியாக விற்றார். எதிரெதிரே நின்று கைகுவித்துக் குனியும் இரண்டு மனிதர்களின் உருவம் இவ்வகைத் தொகுதிகளிலும், பிற்கால அஞ்சலட்டைகளிலும் வழக்கமான சரக்காயிற்று. கீழே ‘சீனர் வணங்கும் முறை’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். வணங்குவோரின் பெயர் இருக்காது.

காண்டனிலும் ஹாங்காங்கிலும் 1860 முதல் சில ஆண்டுகள் தொழில் செய்த அமெரிக்கர் மில்ட்டன் மில்லரின் படங்கள் இன்னும் நுட்பமானவை. உயர் அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் பதவிக்குரிய உடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் அப்படங்களைச் சீன மேன்மக்களின் மெய்யான உருவங்கள் என்று நெடுங்காலம் போற்றினர். கலை வரலாற்றறிஞர் வூ ஹுங் அவற்றை அருகருகே வைத்து ஆராய்ந்தார். 2011இல் வெளியான அவரது கட்டுரை ஒரு செய்தியை வெளிக்கொணர்ந்தது. வெவ்வேறு பதவிப் பெயர்களோடு வழங்கும் படங்களில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன! உடை மாறுகிறது, பதவி மாறுகிறது; ஆள் மாறவில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களை மேன்மக்களாக அலங்கரித்து எடுத்தவையே அவற்றுள் பல.

இதனால் மில்லரின் கலைத்திறன் குறைந்துவிடாது. அந்த முகங்களின் தெளிவும், துணியின் மடிப்புகளில் விழும் ஒளியும் இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன. ஆனால் அவற்றை ஒரு மக்களின் மரியாதைப் பண்புக்குச் சான்றாகக் கொள்வது தவறு. அது மேடையில் அரசன் வேடமிட்டவரைப் பார்த்து அரசியல் கற்பது போன்றது.

இரு காதும் தெரிய வேண்டும்

அப்படியானால் சீனர் தமக்கெனச் செலவிட்டு எடுத்துக்கொண்ட படங்கள் எப்படி இருந்தன? இதற்கு விடை, ஏளனம் செய்த ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டு நிழற்படக் கலைஞர் ஜான் தாம்சன் 1868இல் ஹாங்காங்கில் படக்கூடம் அமைத்தவர். சீனாவின் உட்பகுதிகள் வரை பயணம் செய்து, 1873, 1874ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட படநூல் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. எளிய மக்களின் முகங்களை மதிப்போடு பதித்தவர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை.

அத்தகையவர் 1872இல் ஹாங்காங் படக்கூடங்களைப் பற்றி எழுதுகையில் சீன வாடிக்கையாளரின் விருப்பங்களைக் கேலியாக விவரிக்கிறார். முகம் முழுநிலவு போல் நேராகத் தெரிய வேண்டும். இரு கண்ணும் இரு காதும் விழ வேண்டும். முகத்தில் நிழல் கூடாது. மேசையருகே சதுரமாக அமர வேண்டும். பூச்சாடி இருக்க வேண்டும். பக்கவாட்டு ஒளியும் முக்கால் முகமும் கலையென்று பழகிய ஐரோப்பியக் கண்ணுக்கு இது விறைப்பாகப் பட்டது.

அவ்விறைப்புக்குக் காரணம் இருந்தது. சீன இல்லங்களில் நிழற்படத்திற்கு நெடுங்காலம் முன்பே முன்னோரின் ஓவியங்கள் இருந்தன. ஓவியத்தில் முன்னோர் நேர்முகமாக, இருபுறமும் சமமாக, அசைவின்றி அமர்ந்திருப்பார். புத்தாண்டில் அவ்வோவியத்தை வெளியே எடுத்து மாட்டுவர். குடும்பத்தார் அதன் முன்பு மண்டியிட்டுத் தாழ்வர். பிள்ளைகள் வணங்குகையில் பாட்டனார் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? வணக்கத்தை ஏற்பவர் வணங்குவோரை நேரே நோக்க வேண்டாமா? முகத்தின் பாதியை நிழல் மறைத்தால் பேரப்பிள்ளை அவரை எப்படி அடையாளம் காண்பான்?

நிழற்படக்கூடத்திற்குச் சென்ற சீனக் குடும்பத் தலைவர் இந்த மரபைத் தம்மோடு எடுத்துச் சென்றார். ஹாங்காங்கில் நெடுங்காலம் புகழோடு விளங்கிய லாய் அஃபோங் போன்ற சீனக் கலைஞர்கள் அதைப் புரிந்துகொண்டு படமெடுத்தனர். ஹாங்காங் ஓவியர்கள் சிறு நிழற்படங்களைப் பார்த்துப் பெரிய எண்ணெய் ஓவியங்கள் தீட்டித் தந்ததையும் தாம்சனே பதிவு செய்திருக்கிறார்.

இங்கேதான் நம் தலைப்பின் வினாவுக்கு விடை கிடைக்கிறது. வெளிநாட்டாருக்காக எடுத்த படங்களில் சீனர் வணங்குகிறார், அது நடிப்பு. தமக்காக எடுத்த படங்களில் அவர் வணங்குவதில்லை. வணக்கத்தை ஏற்க அமர்ந்திருக்கிறார். எதிரே கருவி மட்டுமே இருந்தாலும், அவர் பார்ப்பது கருவியை அன்று. இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளை. அந்த வணக்கம் மறுமொழியோடு நிறைவடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதுவரை அவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையே அயலார் விறைப்பு என்றனர்.

படத்தின் சிறு பொருள்களும் இவ்வாறே பேசுகின்றன. மேசைமேல் மூடியிட்ட தேநீர்க் கிண்ணம் இருக்கும். சிங் அரசவை அதிகாரிகளிடையே ஒரு வழக்கம் உண்டு: விருந்தினரோடு பேசிக்கொண்டிருக்கும் வீட்டுத்தலைவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தால், ‘சந்திப்பு முடிந்தது, விடைபெறலாம்’ என்பது குறிப்பு. படங்களில் பெரும்பாலும் கிண்ணம் எடுக்கப்படாமல் மேசைமேலேயே இருக்கிறது. அமைத்தவர் இதை எண்ணித்தான் அமைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அம்மரபை அறிந்த ஒருவர் அப்படத்தைப் பார்க்கையில், ‘இன்னும் சற்று இருங்கள்’ என்னும் உபசரிப்பு அவர் காதில் விழாமற் போகாது.

தனக்குத் தானே மண்டியிட்டவர்

மரபின் பெருமையை மட்டும் பேசினால் திறனாய்வு முழுமையடையாது. அம்மரபிற்குள் இருந்த நோயையும் ஒரு சீனரே எடுத்துக் காட்டியிருக்கிறார். நவீனச் சீன இலக்கியத்தின் தந்தையெனப் போற்றப்படும் லூ சுன், நிழற்படம் பற்றி 1925இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் தம் இளமைக்கால ஊரின் படக்கூடங்களை நினைவுகூர்கிறார். மேசை, பூத்தொட்டி, தேநீர்க் கிண்ணம், புகைக்குழாய், எச்சிற் கலம் என ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் இருக்கும். பாதி உடல் மட்டும் தெரியும் படம் இடுப்பில் வெட்டும் கொலைத் தண்டனையை நினைவூட்டியதால் மக்கள் முழு உருவப் படத்தையே விரும்பினர்.

அவர் சொல்லும் ஒரு வகைப் படம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஒரே மனிதரை இருமுறை எடுத்து ஒரே படத்தில் சேர்ப்பார்களாம். ஓர் உருவம் செருக்கோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும். மற்றோர் உருவம் அதன் முன்னே மண்டியிட்டுக் கெஞ்சும். இரண்டும் அவரே! ‘தன்னிடமே வேண்டுதல்’ என்னும் பொருளில் அதற்குப் பெயரும் உண்டு. பிறரிடம் கையேந்துவதினும் தன்னையே நம்புவது மேல் என்னும் பழைய அறமொழியின் எதிரொலி அப்பெயரில் இருந்தது. லூ சுன் அதில் வேறொன்றைக் கண்டார். தனக்குக் கீழே இருப்பவனிடம் ஆண்டையாக நடப்பவன், தனக்கு மேலே ஒருவன் வந்ததும் தயங்காமல் அடிமையாகிவிடுவான். இரண்டும் ஒரே மனத்தின் இரு தோற்றங்கள் என்கிறார் அவர்.

மண்டியிடுதல் அன்பிலிருந்தும் பிறக்கலாம், அச்சத்திலிருந்தும் பிறக்கலாம். பாட்டனார் படத்தின் முன்னே குழந்தை தாழ்வதும், அதிகாரியின் முன்னே ஏழை தாழ்வதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முதலாவதை மட்டும் கண்டு மரபைப் போற்றுவோரும், இரண்டாவதை மட்டும் கண்டு மரபைத் தூற்றுவோரும் பாதிப் படத்தையே பார்க்கின்றனர். 1912இல் சீனக் குடியரசு மண்டியிடும் மரியாதை முறையை அகற்றி, ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்குதலைப் பொதுமுறையாக்கியது. முழங்கால் தரையில் படாமலே மரியாதை செலுத்தலாம் என்று சட்டம் கற்பித்தது. மனம் அதைக் கற்க இன்னும் காலம் ஆயிற்று என்பதே லூ சுன்னின் வேதனை.

பற்றிய கை

இனி ஒரு படம். சிங் வமிசத்தின் கடைசிப் பத்தாண்டுகளில் ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்த மூத்த பேரரசி சீசியை, 1903 முதல் சுன்லிங் என்னும் இளைஞர் கோடை அரண்மனையில் படமெடுத்தார். பாரிசில் சீனத் தூதராக இருந்தவரின் மகன் அவர். அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளுள் 30க்கும் மேற்பட்டவை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. பெரும்பாலான படங்களில் பேரரசி நேர்முகமாக, சமச்சீராக, அரியணையில் அமர்ந்திருக்கிறார். வணக்கத்தை ஏற்கும் அதே பழைய அமைப்பு. இப்படங்கள் அயல்நாட்டு ஆட்சியாளர்களுக்குப் பரிசாகவும் சென்றன.

அவற்றுள் ஒன்று தனித்து நிற்கிறது. அயல்நாட்டுத் தூதர்களின் மனைவியர் பேரரசியைச் சூழ்ந்திருக்கின்றனர். பேரரசி அமெரிக்கத் தூதரின் மனைவி சாரா காங்கரின் கையைப் பற்றியிருக்கிறார். மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, 1900இன் கோடையில், பேரரசியின் ஆதரவு பெற்ற கிளர்ச்சிப் படையும் அரசப் படையும் தூதரகங்களை 55 நாள் முற்றுகையிட்டன. அம்முற்றுகைக்குள் சிக்கியிருந்தவர்களுள் சாரா காங்கரும் ஒருவர். அதே கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர் நிலைக்கு உயர்த்திய சீனாவின் 120 மறைசாட்சியருள் பெரும்பாலோர் அந்த 1900ஆம் ஆண்டில் இரத்தம் சிந்தியவர்களே.

இத்தனையும் தெரிந்த பின்பு அந்தப் பற்றிய கையை நாம் எப்படிப் படிப்பது? அரசியல் கணக்கென்று ஒதுக்கிவிடலாம். கணக்கு இருந்தது உண்மையே. 1844இல் சியிங்கும் இப்படித்தான் அயலாரோடு நட்புப் பாராட்டினார். கேட்டவர்க்கெல்லாம் தம் உருவப்படத்தைத் தந்ததாகப் பேரரசருக்கு எழுதினார். 1858இல் அவர் அயலாரைச் சமாளிப்பது பற்றி எழுதிய பழைய விண்ணப்பமொன்றை அவர் எதிரிலேயே படித்துக் காட்டிப் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை நாணச் செய்தனர். அவ்வாண்டே அரச ஆணைப்படி அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. மரியாதை வெறும் தந்திரமாகும்போது அது முதலில் வெட்டுவது அதைக் கையாண்டவரைத்தான்.

ஆயினும் சுன்லிங்கின் படத்தில், கௌதௌ வணக்கத்தையே பெற்றுப் பழகிய ஒரு கை, தன் நாட்டு மரபில் இல்லாத முறையில் அயல்நாட்டுப் பெண்ணொருவரின் கையைத் தொடுகிறது. அக்கை குற்றமற்றதன்று. அதைப் பற்றவிட்ட கையோ முற்றுகையின் நாள்களை மறந்திருக்க முடியாது. இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இதை மன்னிப்பு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. பொய் என்று தள்ளவும் மனமில்லை. நாம் பார்த்த படங்களுள் வணக்கம் இருவருக்கிடையே நிகழ்வது இதில்தான். எனவே அப்படத்தை விட்டு நாம் எளிதில் நகர முடிவதில்லை.

திருச்சபை கற்ற பாடம்

ஒரு மக்களின் உடலசைவைத் தவறாகப் படிப்பதால் விளையும் துயரம் நம் திருச்சபைக்குப் புதியதன்று. முன்னோர் பலகையின் முன்னும் கன்ஃபூசியசின் முன்னும் தலை தாழ்த்துவது நன்றிக்கடனா, சிலைவழிபாடா என்னும் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் மறைபணியாளர்களைப் பிரித்தது. மத்தேயு ரிச்சி அடிகளார் அதைக் குடும்ப மரியாதையென்று படித்தார். வேறு சபையினர் மறுத்தனர். திருத்தந்தையின் தூதரான தூர்னோன், 1704இல் புதுச்சேரியில் நம் மதுரை மறைபணித்தளத்தின் வழக்கங்களைக் கண்டித்து ஆணையிட்டு, அங்கிருந்தே சீனாவுக்குச் சென்றார். இரு நாட்டு வழக்குகளும் ஒரே கப்பலில் பயணம் செய்தன எனலாம். 1715இல் பதினொன்றாம் கிளமெந்தும், 1742இல் பதினான்காம் பெனடிக்டும் சீனச் சடங்குகளுக்கு விதித்த தடை நெடுநாள் நிலைத்தது. தாத்தாவின் படத்தின் முன்னே தலைவணங்கலாமா என்று அஞ்சி நின்ற சீனக் கத்தோலிக்கர் எத்தனை தலைமுறையினர்!

1939 டிசம்பர் 8 அன்று, பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தையாயிருந்தபோது, உரோமை வேறு முடிவுக்கு வந்தது. இறந்தோரின் முன்பும், அவர்தம் உருவப்படத்தின் முன்பும், பெயர் மட்டும் பொறித்த பலகையின் முன்பும் தலைவணங்குதல் ஏற்கத்தக்க சமூக மரியாதையே என்று அவ்வாணை கூறியது. அதில் உருவப்படங்களும் சேர்க்கப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். நேரே நோக்கி, இரு காதும் தெரிய அமர்ந்திருந்த அந்தப் பாட்டனார் காத்திருந்த வணக்கத்தை, அவருடைய கத்தோலிக்கப் பேரன் இனி அச்சமின்றிச் செலுத்தலாம்.

பழைய படமொன்று நம் கைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பது நன்று. இந்த நிலையில் நிற்குமாறு இவரிடம் கேட்டவர் யார்? இவர் யாரை நோக்கி அமர்ந்திருக்கிறார்? இவருடைய வணக்கத்திற்கு மறுவணக்கம் கிடைத்ததா? சீனப் படங்களுக்கு மட்டுமின்றி, அயலார் நம்மவரை எடுத்த படங்களுக்கும், நாம் பிறரைப் பார்க்கும் பார்வைக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

அக்டோபர் 24 அன்று இளவரசர் கோங் முன்வந்து வைத்த வணக்கத்திற்கு மறுமொழி வரவில்லை. அதை இன்று யாரும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் நவம்பரில் எடுத்த அவருடைய படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும், இவர் ஏன் அஞ்சினார் என்று சிரிக்காமல், இவருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு கணம் நின்று கேட்கலாம். பெயரின்றிக் கைகுவித்து நிற்கும் அஞ்சலட்டை மனிதர்களுக்கும் அந்த ஒரு கணத்தை நாம் தர வேண்டும்.